ஷட்டர் இறங்கிய கடைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்

கொரோனா பரவியதால் 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று இரவே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்ற அறிவிப்பும் வந்தது. மளிகை, மருந்து, பால் மாதிரியான அத்தியாவசியக் கடைகள் தவிர மற்ற எல்லாக் கடைகளும் ஒரே ராத்திரியில் மூடின. தையற்கடை, சலூன், பாத்திரக்கடை, போட்டோ ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடை, பந்தல் போடுபவர் என்று யாருக்கும் வரும்படி இல்லை. வாடகை, தவணை, கரண்ட் பில், வேலையாட்களின் சாப்பாடு எல்லாம் நாள் தவறாமல் வந்து நின்றன.

கையில் ரொக்கம் இருந்தால் நட்டத்தில் ஓடும் கடைகூட வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ரொக்கம் தீர்ந்துவிட்டால் நல்ல லாபத்தில் ஓடிய கடை இரண்டே மாதத்தில் காலியாகிவிடும். நோய்க்காலத்தில் சிறுகடைக்கு உதவ நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது விஷயம், உதவி என்று அரசு அறிவிக்கும் எதுவும் காகிதம் சரியாக இருப்பவருக்குத்தான் போய்ச் சேருகிறது. அதனால் இந்தப் பதிவு கடைக்காரருக்கு எழுதியது மட்டும் அல்ல. அவர் பக்கத்தில் ஒரு மத்தியானம் உட்காரக்கூடியவருக்கும் எழுதியது. அது கல்லூரியில் படிக்கும் அவர் மகளாக இருக்கலாம், வணிகர் சங்கச் செயலாளராக இருக்கலாம், தெருவில் கணக்கு தெரிந்த யாராவதாக இருக்கலாம். ஒரு கடைக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

பதின்மூன்று கட்டம்

ஒரு முழுநீளத் தாளைக் குறுக்குவாட்டில் வைத்து 13 கட்டம் போடுங்கள். ஒரு கட்டம் ஒரு வாரம். மொத்தம் மூன்று மாதம். வாடகையும் தவணையும் மூன்று முறை வந்துபோகும், ஜிஎஸ்டி காலாண்டும் ஒரு முறை வரும் என்பதால்தான் இந்த அளவு. மேலே இன்றைய கையிருப்பு: கல்லாவில் உள்ளது, வங்கியில் உள்ளது, வீட்டு பீரோவில் உள்ளது எல்லாம் சேர்த்து. அதன் கீழே வரவு, அதற்கும் கீழே செலவு, கடைசி வரியில் அந்த வார முடிவில் மிச்சம்.

தப்பு நடப்பது வரவு எழுதும்போது. கடன் நோட்டில் 1,40,000 பாக்கி இருக்கிறது என்றால் அதை அப்படியே வரவில் எழுதிவிடுவார்கள். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். கடந்த 30 நாளில் ஏதாவது கட்டியவர்களின் பாக்கியில் பாதியை மட்டும் எழுதுங்கள். 90 நாளாக ஒரு பைசாவும் தராதவருக்குப் பூஜ்யம். நடுவில் இருப்பவர்களுக்கு நான்கில் ஒரு பங்கு. இது கறாரான கணக்குதான். ஆனால் கடைக்காரருக்குப் பாக்கி வைத்தவரும் அதே நோய்க்காலத்தில்தான் இருக்கிறார். சரக்கின் மதிப்பை வரவில் எழுதவே கூடாது. அட்டைப்பெட்டியில் இருக்கும் சட்டைத்துணி விற்கிறவரைக்கும் துணிதான். கடைக்கு உரிமையாளரிடம் கொடுத்த அட்வான்ஸையும் ரொக்கமாக எண்ணக் கூடாது.

செலவுப் பக்கத்தில் விட்டுப்போவது வீட்டுச் செலவு. சிறுகடையில் கடைக் கல்லாவும் வீட்டுப் பர்ஸும் ஒன்றுதான். பால், மருந்து, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் அந்தக் கல்லாவிலிருந்துதான் போகிறது. அதை எழுதாமல் போட்ட தாள் இரண்டாவது வாரத்திலேயே பொய்த்துப்போகும். சீட்டையும் மறக்காதீர்கள். எடுத்துவிட்ட சீட்டு என்றால் அது கடன், ஒவ்வொரு மாதமும் கட்டியே ஆக வேண்டும். எடுக்காத சீட்டு கையில் இருக்கும் சேமிப்பு. ஆனால் நெருக்கடிக் காலத்தில் ஏலத்துக்கு எல்லோரும் வருவதால் தள்ளு (சீட்டை எடுக்க விட்டுக்கொடுக்கும் தொகை) அதிகம் போகும். எவ்வளவு தள்ளு வரை எடுப்பது என்று முன்கூட்டியே ஒரு எல்லை வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கடைசி வரியில் மிச்சம் மைனஸுக்குப் போகும் வாரத்தைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அது ஐந்தாவது வாரம் என்றால், செய்ய வேண்டிய எல்லாமே நான்காவது வாரத்துக்குள் முடிய வேண்டும். வங்கியில் கடிதம் கொடுப்பதோ, கடை உரிமையாளரிடம் பேசுவதோ, எதுவாக இருந்தாலும் பணம் தீர்ந்த பிறகு போனால் பதில் வேறு மாதிரி இருக்கும். திங்கட்கிழமைதோறும் அந்தத் தாளைத் திருத்த வேண்டும். திருத்தாத தாளால் பயன் இல்லை.

யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு

கையில் இருப்பது எல்லோருக்கும் போதாது. அப்போது அதிகம் சத்தம் போடுபவருக்குத்தான் பணம் போகும். இதுதான் பொதுவாக நடக்கும் தவறு. எது நின்றால் கடை திரும்பவும் திறக்கவே முடியாதோ அதற்கு முதலில் கொடுக்க வேண்டும். வீட்டுச் சாப்பாடும் மருந்தும், அடுத்து வேலையாட்களுக்கு உயிர் நிற்கும் அளவுக்காவது பணம், பிறகு மின்சாரம். பல வருஷமாகக் கடனுக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரிக்கு, முழுப் பாக்கியும் கொடுக்க முடியாவிட்டாலும், வாரம் ஐநூறு ஆயிரம் என்று ஏதாவது போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடை திறக்கும் அன்று முதல் மூட்டையைக் கடனாகத் தரப்போவது அவர்தான்.

வாடகைக்கு ஒண்ணாம் தேதிக்கு முன்பே போய்ப் பேச வேண்டும். 2020-ல் "கடையே திறக்கல, வாடகை எதுக்கு" என்று பலர் நினைத்தார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் அதற்கென்று தனி ஷரத்து இல்லாத குத்தகையில், ஊரடங்கால் தற்காலிகமாகக் கடை நடத்த முடியவில்லை என்பதற்காக வாடகையே வேண்டாம் என்று கோர முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 மே 21-ல் தீர்ப்பளித்தது. ஆகவே கேட்பதை உரிமையாகக் கேட்காமல் ஏற்பாடாகக் கேளுங்கள்: "அண்ணே, இந்த மூணு மாசம் பாதி தர்றேன். மீதிப் பாதியை அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க. கடை திறந்து ஆறு மாசத்துல அட்வான்ஸை மறுபடி நிரப்பிடறேன்." ஒப்புக்கொண்டால் அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால், ஒரு வருஷம் கழித்து உரிமையாளரின் மகன் கணக்குக் கேட்கும்போது எதுவும் நிற்காது. வாடகை பாக்கி நிற்பதே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜிஎஸ்டி எண் உள்ள கடையில் வியாபாரமே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் பூஜ்ய ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். ஆறு மாதம் தொடர்ந்து போடாமல் விட்டால் பதிவையே ரத்து செய்யலாம். அதைவிடக் கெடுதல், ஜிஎஸ்டி உள்ள வாடிக்கையாளருக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காமல் போய் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். பூஜ்ய ரிட்டர்னை 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே தாக்கல் செய்யும் வசதி 2020 ஜூனில் வந்தது. இரண்டு நிமிட வேலை. இதை விட்டுவிட்டு பிறகு ஆயிரக்கணக்கில் கட்டுவதைப் பார்த்தால் மனசு கேட்காது.

தவணையைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்

2020 மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி, மார்ச் 1 முதல் மே 31 வரை வரும் தவணைகளைத் தள்ளிவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. பிறகு அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. "ஆறு மாசம் டியூ கட்ட வேண்டாம்" என்று ஊரெல்லாம் பேச்சு. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அந்தப் பேச்சில் இல்லை.

கணக்காகவே பார்ப்போம். அசல் 5,00,000, வட்டி 12 சதவீதம், இன்னும் 36 மாதம் பாக்கி. மாதத் தவணை 16,607. ஆறு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி அசலில் சேர்ந்து கடன் 5,30,760 ஆகிறது. அதே தவணையைத் தொடர்ந்தால் 36-க்குப் பதில் கிட்டத்தட்ட 39 தவணை கட்ட வேண்டும், கூடுதலாகச் சுமார் 45,000 ரூபாய். 36 மாதத்திலேயே முடிக்க வேண்டும் என்றால் தவணை 17,629 ஆகும். அதாவது ஆறு மாதத்தில் சுமார் ஒரு லட்ச ரூபாயைக் கையில் வைத்திருக்க 45,000 விலை, அதுவும் மூன்று வருஷம் கழித்துக் கட்டும் விலை. கையில் ஒன்றும் இல்லாதவர் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம், தினமும் வசூலிக்கும் தண்டல் கடனைவிட எத்தனையோ மேல். தவணை கட்டப் பணம் இருந்தும் "எல்லோரும் வாங்குறாங்க" என்று வாங்குவது தேவையில்லாத செலவு.

2020 அக்டோபரில் வந்த "வட்டிக்கு வட்டி" நிவாரணத்தையும் பலர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். இரண்டு கோடி வரையிலான கடன்களுக்கு அந்த ஆறு மாதத்துக்கான கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் அரசு திருப்பிக் கொடுத்தது. நம் உதாரணத்தில் கூட்டு வட்டி 30,760, தனி வட்டி 30,000. திரும்பி வந்திருக்கும் தொகை 760 ரூபாய்.

இந்த மாதிரி அறிவிப்பு வரும்போது செய்ய வேண்டியது: வங்கிக்கு மின்னஞ்சலோ கடிதமோ எழுத்தில் கொடுத்து, ஒப்புதலையும் எழுத்தில் வாங்க வேண்டும். கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகும் ஏற்பாட்டை நிறுத்தச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் "அரசாங்கமே சொல்லிடுச்சு" என்று இருந்துவிட்டால், கணக்கில் பணம் இல்லாமல் பிடித்தம் திரும்பி, ஒவ்வொரு முறைக்கும் அபராதம் விழும். கடன் எப்போது முடியும் என்ற புதிய தவணை அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள்.

2020 மே மாதம் வந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் பெரிய உதவிதான். பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன், புதிதாக ஈடு வேண்டாம், நான்கு வருஷத் தவணை, முதல் வருஷம் அசல் கட்ட வேண்டாம், வங்கிகளில் வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அடிப்படை என்ன? ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்க வேண்டும். 10 லட்சம் கடன் இருந்த பட்டறைக்கு 2 லட்சம் வந்தது. யாரிடமும் கைநீட்டாமல் இருபது வருஷம் கடை நடத்தியவருக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்தத் தேதியில் தவணை 60 நாளுக்கு மேல் தள்ளிப் போயிருந்தவரும் வெளியே. அநியாயமாகத்தான் தெரிகிறது, ஆனால் அடுத்த முறையும் திட்டம் இப்படித்தான் வரும் என்று வைத்துக்கொண்டு தயாராவது நல்லது. நல்ல காலத்திலேயே சிறுதொழிலுக்கான ஒரு சின்ன முத்ரா கடனோ, கணக்கில் உள்ளதற்கு மேல் எடுக்க விடும் ஓவர் டிராஃப்டோ எடுத்து ஒழுங்காக நடத்தி வைத்திருக்கும் கடைக்கு வங்கியின் கதவு நெருக்கடியில் சீக்கிரம் திறக்கும்.

வங்கி திறக்காத இடத்தில் தண்டல்காரர் நிற்கிறார். வழக்கமான தண்டல் கணக்கு இது: பேப்பரில் 10,000, கையில் 8,500, தினம் 100 வீதம் 100 நாள். "ஆயிரத்தைந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் அசல் முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாகக் கையில் நின்றது 4,500 ரூபாய் அளவுதான். வருஷக் கணக்கில் வட்டி சுமார் 120 சதவீதம். கடை மூடியிருக்கும்போது அந்த 100 ரூபாய் எங்கிருந்து வரும்? ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறை உண்டு. கடை உயிர் பிழைக்க வேண்டும் என்று நினைப்பவர் இந்த ஒரு கடனை மட்டும் 13 கட்டத் தாளுக்குள் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருந்தால், நகையை வங்கியில் வைத்தாவது அதை முதலில் முடித்துவிடுங்கள்.

தள்ளுவண்டிக்காரருக்கு

தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூன் 1-ல் வந்த பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாய், ஒரு வருஷத்தில் 12 தவணை. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வந்துவிடும், டிஜிட்டலில் பணம் வாங்கினால் அப்போது மாதம் 100 ரூபாய் வரை திரும்பக் கிடைத்தது. அடுத்து 20,000, அதற்கு அடுத்து 50,000. 2025 ஆகஸ்டில் திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டித்து, முதல் கடனை 15,000 ஆகவும் இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தினார்கள். 12 சதவீத வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் 10,000-க்கு மாதத் தவணை 888 ரூபாய். தண்டலில் அது ஒன்பது நாள் தண்டல்.

விண்ணப்பம் சிக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். ஆதாரில் இணைத்த செல்போன் எண் பழைய எண்ணாக இருக்கும், ஓடிபி யாருக்கோ போகும். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே அஞ்சலகத்திலோ ஆதார் மையத்திலோ எண்ணை மாற்றிவிடுங்கள். அடுத்தது, மாநகராட்சி அல்லது நகராட்சியின் விற்பனைச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டை இருக்காது. அப்படியானால் உள்ளாட்சி அமைப்பிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். அதே இடத்தில் வியாபாரம் செய்ததற்கு ஏதாவது ஆதாரம் கையில் இருந்தால் சீக்கிரம் கிடைக்கும்: உறுப்பினர் அட்டை, சங்கத்துக் கடிதம், பழைய கடன் ரசீது. மூன்றாவது, வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கும். கேஒய்சி என்ற அடையாள ஆவணங்களைப் புதுப்பித்து ஒரு முறை பணம் போட்டு எடுத்துப் பாருங்கள். பூ விற்கும் அக்காவுக்கு இந்த மூன்றையும் முடித்துக் கொடுக்க ஒருவர் இரண்டு நாள் கூட நடந்தால் போதும். திட்டத்தைப் பற்றிப் பேசுபவர் நிறையப் பேர். கூட நடப்பவர்தான் குறைவு.

பெரிய கம்பெனியிடம் நிற்கும் பணம்

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் லேத் பட்டறைக்கும், திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டுக்கும் பிரச்சினை வேறு. வேலை முடித்துக் கொடுத்தாகிவிட்டது, பில் போட்டாகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. நோய்க்காலத்தில் பெரியவர்கள் முதலில் செய்வது சின்னவர்களின் பில்லை நிறுத்துவதுதான்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2020 மே கடைசியில் அந்த விகிதம் 4.25 ஆக இருந்தது, எனவே அப்போது வட்டி 12.75 சதவீதம். அந்தக் கணக்கில் மூன்று லட்ச ரூபாய் பில் ஆறு மாதம் தாமதமானால் சுமார் 19,600 ரூபாய்.

இதற்கு, சிறுதொழில் என்று மத்திய அரசிடம் பதியும் உத்யம் பதிவு வேண்டும். இணையத்தில் ஆதாரும் பானும் வைத்து இலவசமாகச் செய்யலாம். காசு கேட்கும் போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன, அரசுத் தளம் ஒரு ரூபாய்கூடக் கேட்காது. சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு இருப்பதுதான் பாதுகாப்பு. பதிவை நெருக்கடி வரும் வரை தள்ளிப்போட்டால் பழைய பில்களுக்கு வழக்குச் சிக்கல் வரும். வாங்கி விற்கும் வியாபாரிகளும் 2021 ஜூலையிலிருந்து உத்யமில் பதியலாம், ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது முன்னுரிமைக் கடன் வசதி மட்டும். இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான்.

இன்னொரு காகிதம் டெலிவரி சலான். சரக்கை வாங்கியவரின் கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். தேதி இல்லாத சலானில் அந்த 15 நாள் எப்போது தொடங்கியது என்று காட்ட வழியில்லை. பட்டறைக்காரர்கள் பலர் சலானை ஆணியில் குத்தி மாட்டி, எண்ணெய்க் கையோடு புரட்டிப் புரட்டி எழுத்தே தெரியாமல் ஆக்கிவிடுகிறார்கள். கையெழுத்தான அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

தாமதப் பணப் புகாருக்கான அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால் முதல் அடி புகாராக இருக்க வேண்டியதில்லை. வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் சேர்த்த விதி, 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னும் நல்ல ஆயுதம். குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த நாள்கணக்குக்குள் பணம் தராமல் வருஷக் கடைசியைத் தாண்டினால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த வருஷம் கழித்துக்கொள்ள முடியாது, பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். ஆகவே பிப்ரவரி கடைசியில், உத்யம் எண்ணோடு, நிலுவைப் பட்டியலோடு, மரியாதையான ஒரு கடிதத்தை அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். வாங்கும் பிரிவுக்கு அனுப்பாதீர்கள். வரிக் கணக்கு பார்ப்பவருக்குத்தான் அதன் எடை தெரியும்.

திறக்கலாமா, வேண்டாமா

கட்டுப்பாடுகள் பாதி தளர்ந்த காலத்தில்தான் கஷ்டமான முடிவு எடுக்க வேண்டியிருக்கும். "விக்கிற விலைக்குக் கரண்ட் செலவுகூட வராது" என்று சிலர் மூடியே வைத்திருப்பார்கள். சிலர் எப்படியும் திறந்தே ஆக வேண்டும் என்று திறந்து கையில் இருந்ததையும் விடுவார்கள். இரண்டுக்கும் கணக்கு உண்டு.

ஒரு சின்ன மெஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை 20,000, நான்கு பேர் சம்பளம் 60,000, தவணை 14,000, கரண்டும் தண்ணீரும் 6,000. மொத்தம் ஒரு லட்சம். நூறு ரூபாய் விற்றால் சமையல் பொருளும் காஸும் போக 40 ரூபாய் நிற்கிறது என்றால், நட்டம் இல்லாமல் ஓட மாதம் 2,50,000 விற்க வேண்டும். 26 நாளுக்குச் சுமார் 9,600 ஒரு நாளைக்கு. பார்சல் மட்டும் அனுமதி என்ற காலத்தில் அது நடக்காது. ஆனால் அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. வாடகையும் தவணையும் மூடினாலும் போகும், திறந்தாலும் போகும். திறப்பதால் கூடுவது இரண்டு ஆள் சம்பளம் 30,000, கரண்ட் 4,000. பார்சல் டப்பாவுக்கு ஐந்து ரூபாய் போனால் நூற்றுக்கு 35 நிற்கும். 34,000-ஐ எடுக்க மாதம் சுமார் 97,000 விற்றால் போதும், நாளுக்கு 3,740. அதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு ரூபாயும் வாடகைக்கு உதவும். மூடியிருந்தாலும் ஆட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுப்பது என்று முடிவெடுத்திருந்தால், இந்தக் கோடு இன்னும் கீழே இறங்கும்.

இரண்டு வாரம் திறந்து பாருங்கள். கோட்டுக்குக் கீழேயே நின்றால் மூடிவிடுவதில் வெட்கம் இல்லை.

ஆப் வழியாக விற்பதில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 100 ரூபாய் சாப்பாட்டில் பொருள் செலவு 45, டப்பா 7, கமிஷன் 25 சதவீதம் என்றால் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 29.50. நிற்பது 18.50. அதே சாப்பாட்டைத் தெருவில் உள்ளவர் வாட்ஸ்ஆப்பில் சொல்லி வந்து வாங்கிப்போனால் நிற்பது 48. இரண்டரைப் பங்குக்கு மேல் வித்தியாசம். ஆப்பை முழுக்க ஒதுக்க வேண்டாம், புது ஆட்களைக் கொண்டுவரும். ஆனால் ஒவ்வொரு டப்பாவிலும் கடை எண்ணும் நாளைய மெனுவும் அச்சடித்த ஒரு துண்டுச்சீட்டு போக வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேலை இல்லாமல் இருக்கும், பரிமாறும் சப்ளையரையே அனுப்பலாம்.

காற்றும் காய்ச்சலும்

2020-ல் கடைகள் கிருமிநாசினிச் சுரங்கத்துக்கும் தரையில் மருந்து அடிப்பதற்கும் செலவு செய்தார்கள். ஆட்கள் மேல் மருந்து தெளிப்பது கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமே ஏப்ரலில் சொல்லிவிட்டது. அந்தக் கிருமி முக்கியமாகப் பரவியது காற்றில்தான். பத்துக்குப் பதினைந்து அடி, பத்தடி உயரக் கடையில் 1,500 கன அடி காற்று. மணிக்கு ஆறு தரம் அது மாற வேண்டும் என்றால் நிமிஷத்துக்கு 150 கன அடி. சாதாரண 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றே இதற்குத் தாராளம். மாட்டும் இடத்தில்தான் தப்பு நடக்கிறது. வாசலுக்கு மேலேயே மாட்டினால் வாசலில் வரும் புதுக்காற்றையே இழுத்து வெளியே தள்ளும், உள்ளே மூலையில் நிற்கும் காற்று அசையாது. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்ட வேண்டும். பின்பக்கம் வெளிச்சுவரே இல்லாத கடையில் ஒரு பெடஸ்டல் ஃபேனை உள்மூலையில் வைத்து வாசலைப் பார்த்து வீசவிடுங்கள்.

வேலையாளுக்குக் காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு விடுப்பு. இது தர்மத்துக்காக மட்டும் அல்ல. சம்பளம் பிடிப்பீர்கள் என்று தெரிந்தால் அவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்து நிற்பார், பத்து நாளில் கடையே படுத்துவிடும். இஎஸ்ஐ உள்ள யூனிட்டாக இருந்தால், நோய்க்கால உதவியாக வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். மருத்துவச் சான்றிதழை இஎஸ்ஐ மருத்துவர் வழியாக வாங்க வேண்டும் என்று ஆளுக்குச் சொல்லி வையுங்கள்.

சரக்கு வரும் வழி ஒன்றே ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் கோயம்பேடு சந்தை சாட்சி. நோய்த்தொற்று பெருகி 2020 மே 5-ல் சந்தை மூடியதும், மொத்தக் காய்கறி வியாபாரம் நகரத்துக்கு வெளியே திருமழிசைக்குப் போனது. விடிகாலையில் சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் போய் இரண்டு மூட்டை வாங்கி வந்து விற்றவர்களால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மினி லாரி பிடித்தால்தான் கட்டுப்படியாகும். அந்தப் பத்துப் பேர் யார், யார் போய் எடுப்பது, தராசு யாருடையது, அழுகலை எப்படிப் பங்கிடுவது என்பதை நல்ல நாளிலேயே பேசி வைப்பது சங்கங்கள் செய்யக்கூடிய வேலை.

பூட்டிய கடைக்குள்

மூடியிருக்கும் கடையை அப்படியே விட்டால் திறக்கும் அன்று தனிச் செலவு காத்திருக்கும். ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்து, பிளக்கை எடுத்து, கதவு மூடாமல் ஒரு துணியை மடித்து நடுவில் வையுங்கள். மூடிவிட்டால் பூஞ்சை பிடித்து ரப்பர் வரை நாறும். யுபிஎஸ் பேட்டரியும் எலக்ட்ரானிக் தராசின் பேட்டரியும் சும்மா கிடந்தால் இரண்டு மூன்று மாதத்தில் செத்துவிடலாம், 15 நாளுக்கு ஒரு முறை நான்கைந்து மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும். சாக்குகளைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பலகைமேல் அடுக்குங்கள், எலி ஓடினால் தெரியும். காலாவதி நெருங்கும் சரக்கின் பேட்ச் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரிப் படமெடுத்து, காலாவதிக்கு முன்பே விநியோகஸ்தருக்கு அனுப்பிவிடுங்கள். தேதி தாண்டிய பிறகு கேட்டால் "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்ற பதில்தான் வரும்.

காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் படியுங்கள். வியாபார நட்டத்துக்குப் பணம் தரும் பாலிசிகள்கூட வழக்கமாகத் தீ, வெள்ளம் போல் கட்டடத்துக்கோ சரக்குக்கோ சேதம் வந்தால்தான் தரும். நோய்க்காக மூடியதற்குக் கிடைக்காது. அதோடு பல தீக் காப்பீட்டுப் பாலிசிகளில், 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குப் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை உண்டு. 25-வது நாளுக்குள் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, கடை மூடியிருக்கும் காரணத்தையும், வாரம் ஒரு முறை போய்ப் பார்த்துவருவதையும் சொல்லி, பாதுகாப்பு தொடர்கிறது என்று எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். வாரம் ஒரு முறை போகும்போது ஷட்டரை ஏற்றி, அன்றைய தேதியோடு உள்ளே ஒரு படம் எடுத்து வருவது நல்லது.